கேமரா விற்பனை சரிந்தால் முதல் அடி நடுத்தர விலை லென்ஸுக்கு

கிருஷ்ணகிரியில் ஸ்டூடியோ நடத்துகிறவர்கள் லென்ஸ் வாங்கச் சென்னையை நினைப்பதில்லை. பஸ் ஏறினால் 90 கிலோமீட்டரில் பெங்களூரு. இப்போது அங்கேயும், "முன்பணம் கட்டுங்கள், வந்ததும் சொல்கிறோம்" என்பதுதான் பதில். கேட்டது ஏதோ அபூர்வமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். கல்யாண வேலைக்கான சாதாரண லென்ஸ்.

செல்போன்மேல் பழிபோட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். செல்போன் முதலில் விழுங்கியது பாக்கெட் கேமராவை. ஆனால் லென்ஸ் மாற்றும் கேமராவும் தப்பவில்லை. கேமரா கம்பெனிகளின் சங்கமான ஜப்பானின் சிபா அமைப்பின் கணக்குப்படி, அவற்றில் 2012-ல் 2 கோடிக்கு மேல் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023-ல் சுமார் 60 லட்சம். லென்ஸ்களோ 3 கோடியிலிருந்து ஒரு கோடிக்கும் கீழே வந்துவிட்டன.

ஒரு லென்ஸை வடிவமைக்கவும் அதற்கான வார்ப்பு அச்சு செய்யவும் ஆகும் செலவு, பத்தாயிரம் விற்றாலும் ஒரு லட்சம் விற்றாலும் ஒன்றுதான். எண்ணிக்கை குறைந்தால் அந்தச் சுமை ஒவ்வொரு லென்ஸின் தலையிலும் ஏறும். விலை உயர்ந்த லென்ஸ்தான் அதைத் தாங்கும். அதனால் இங்கே கே.ஆர்.பி. அணைக்கு, தூரத்தை இழுத்துக் காட்டும் விலை உயர்ந்த 600 மி.மீ. லென்ஸைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்க வருகிறவர்தான் கம்பெனிக்கு வேண்டிய வாடிக்கையாளர். கேனனின் 50 மி.மீ. 1.8 லென்ஸ் 2015-ல் அமெரிக்காவில் சுமார் 125 டாலருக்கு வந்தது. 2020-ல் கேனனின் புதிய ஆர்.எஃப். மவுண்டுக்கு (மவுண்ட் என்பது லென்ஸும் கேமராவும் இணையும் வாய்) வந்தபோது சுமார் 200 டாலர். ஏழைக்கேற்ற லென்ஸ் என்று பெயரெடுத்ததற்கே இந்தக் கதி.

பழைய லென்ஸை, புது கேமராவில் பொருத்தும் அடாப்டர் போட்டு ஓட்டலாமே என்பார்கள். நிக்கானின் பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மவுண்டில் திருப்புளி நுனி பொருந்துமளவு ஒரு சிறு பள்ளம் இருக்கும். லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவின் மோட்டார்தான் அந்த இடத்தைப் பிடித்துச் சுழற்றி ஃபோகஸ் செய்யும். நிக்கானின் புதிய இசட் கேமராக்களுக்கான எஃப்.டி.இசட். அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. முகூர்த்த நேரத்தில், தாலி முடிச்சு விழும் அந்தச் சில விநாடிகளில், கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

எனக்கு உண்மையான கோபம், வெளிக் கம்பெனிகள் லென்ஸ் செய்ய முடியாதபடி மவுண்டைப் பூட்டிவைப்பதில்தான். காப்புரிமையைக் காட்டி கேனன் சொன்னதால், 2022-ல் சீன லென்ஸ் கம்பெனியான வில்ட்ராக்ஸ் தன் ஆர்.எஃப். லென்ஸ்களை நிறுத்திக்கொண்டது. 2024-ல் சிக்மா, டாம்ரான் என்ற ஜப்பானிய லென்ஸ் கம்பெனிகளுக்கு வழிவிட்டார்கள். அதுவும் படம் பதியும் சென்சார் சிறியதாக உள்ள கேமராக்களுக்கான லென்ஸ்களுக்கு மட்டும். காப்புரிமை அவர்கள் சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் குறைந்த விலை லென்ஸைத் தானும் போதிய அளவு செய்யாமல், செய்ய வருகிறவனையும் தடுத்தால் சின்ன ஊர் ஸ்டூடியோக்காரர் எங்கே போவார்? சோனி 2011-லேயே தன் ஈ மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்றவர்களுக்குக் கட்டணமின்றித் தந்தது. இன்று சிக்மா, டாம்ரான், சீனக் கம்பெனிகள் என்று அந்த மவுண்டுக்குத்தான் நடுத்தர விலையில் லென்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன.

தை முகூர்த்தங்களுக்கு முன் எனக்கு ஒரு புது கேமரா பாடி வேண்டும். கடைக்காரர் மெகாபிக்சலில் ஆரம்பிப்பார். நான் முதலில் கேட்கப்போவது, இந்த மவுண்டுக்கு வெளிக் கம்பெனி லென்ஸ் எத்தனை கைவசம் இருக்கிறது என்பதை.