ராகத்தையும் எழுதுங்கள்

கிறிஸ்தவத் தமிழ்க் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் தஞ்சாவூர் அரண்மனைக்கே பாதி இடம் போய்விட்டது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவரை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனது, சரபோஜி மன்னரோடு பழகியது எல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். பாட்டைச் சொல்லுங்கள் சார்! குறத்தி வந்து மலைவளம் பாடி, குறி சொல்லும் கூத்து குறவஞ்சி. அந்த வடிவத்திலேயே, கிறிஸ்தவப் பொருளை வைத்து பெத்லகேம் குறவஞ்சி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! (மலைக்காரர்கள் எங்களுக்கு அதில் தனிக் குஷி.) குன்னூரில் எங்கள் சபை வாலிபர்கள் கீபோர்டு, டிரம்ஸ் என்று போய்விட்டார்கள், போகட்டும். ஆனால் டிசம்பர் குளிரில் மப்ளர் சுற்றிக்கொண்டு எஸ்டேட் லைன் வீடுகளுக்கு கேரல் ரவுண்ட்ஸ் போனால், பாட்டிமார் கேட்பது பழைய கீர்த்தனைதான். ராகம், தாளத்தோடு கட்டிய பாட்டு. மிருதங்கம் இல்லாவிட்டாலும் கைத்தாளம் போதும். அடுத்த பகுதியில் எந்தப் பாட்டு எந்த ராகம் என்று எழுதுவீர்களா?