அரை மணித்தியாலம் காணுமாம்!

வெளியூர்ப் பொடியன் ஒராள் ஓட்டோவில சுத்திப் போட்ட மட்டக்களப்பு வீடியோவ நேற்று ராவிலிருந்து ஆளாளுக்கு ஷேர் பண்ணிக்கிட்டிருக்கீங்க. "மட்டக்களப்பு டவுன்ல ஒண்டுமில்ல, அரை மணித்தியாலம் காணும், நேரா பாசிக்குடாக் கடற்கரைக்குப் போங்க" எண்டு தீர்ப்பு. ஓட்டோவ விட்டு இறங்காமச் சுத்தினா அரை மணித்தியாலம் எதுக்கு, பத்து நிமிசமே காணும்.

இது நடந்து பாக்கிற ஊர். டவுனின்ட நடுவான புளியந்தீவு பேருக்கேத்த மாதிரித் தீவுதான். ஸ்டேஷனில இறங்கி, கோட்டைமுனைப் பக்கமா வந்து, பாலத்தில நடந்து உள்ள போகணும். காந்தி பூங்காப் பக்கம் நிக்கிற வாசல் வளைவ அந்தத் தம்பி செல்பிக்கு மட்டும் பாவிச்சார். அது பழைய இறங்குதுறை. 1814ல அங்க வந்திறங்கின மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் அந்த வருசமே தொடங்கின பள்ளிக்கூடம்தான் இண்டைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி. கோட்டை 1628ல போர்த்துக்கேயர் கட்டினது, பத்து வருசத்தில ஒல்லாந்தர் புடிச்சிட்டான். நாலு கொத்தளம், ரெண்டு பக்கம் வாவி, மத்த ரெண்டு பக்கம் அகழி. மதிலோரமா நடந்தாத்தான் ஏன் அந்த மூலையில கட்டினாங்கள் எண்டு விளங்கும். ஓட்டோவுக்குள்ள இருந்தா விளங்காது.

சந்தைக்கு வெள்ளாப்பில போகணும். வாவி இறாலும் நண்டும் வெயில் ஏற முன்னமே முடிஞ்சிரும். பதினொரு மணிக்குப் போய் வெறும் பலகையப் படமெடுத்து "சந்தை டல்" எண்டா சந்தை என்ன செய்யும்? எருமத் தயிர் வாங்கிறண்டா சட்டியக் கொஞ்சம் சரிச்சுப் பாருங்க. தண்ணி ஓடினா மத்தச் சட்டியக் கேளுங்க. வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில மாடு வளக்கிற சனத்தின்ட உழைப்பு அது. பக்கத்து ஊர் காத்தான்குடிக்குத் துணி எடுக்கப் போறவங்க வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தத் தவிருங்க. கடை பூட்டியிருக்கும், மறுகா அதுக்கும் ஒரு வீடியோ வரும்.

"ரயில் பிந்துதே" எண்டு ஒராள் கொமண்ட். பிந்தும்தான். ஒத்தத் தண்டவாளம், கல்லோயாப் பக்கம் காடு. 2025 பெப்ரவரியில அங்க மீனகயா ரயில் மோதி ஆறு யானை செத்தது மறந்து போச்சா? மெதுவாத்தான் வரணும். கொழும்பிலிருந்து பகல்ல வாற உதயதேவி ரயில்ல வந்தா பின்னேரமாகும், அண்டைக்குத் தங்குங்க. ராத்திரி ரயில்ல வந்தா காலமயில இறங்கி நேரா சந்தைக்கே போயிரலாம். "வெயில்" எண்டா காலமயும் பின்னேரமும் நடங்க. "அறிவிப்புப் பலகை இல்ல" எண்டது மட்டும் நியாயம். அத நம்மட ஆக்கள்தான் செய்யணும், செய்யல்ல.

வாவிக்குள்ள ராவில பாட்டுக் கேக்குமெண்டு சொல்ற பாடுமீன் பொய்யாம்! கல்லடிப் பாலத்தில வாகன இரைச்சலுக்குள்ள பட்டப்பகல்ல மைக்க நீட்டினா என்ன கேக்கும்? சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும், பூரணையை அண்டின ராவில, தோணியில போகணும். எஞ்சினை நிப்பாட்டி, துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மேல் நுனியில காத வைக்கணும். சில ராவு கேக்காது. அதுக்குப் பேர் பொய்யா? 1924ல திறந்த பழைய இரும்புப் பாலம், 2013ல வந்த புதுப் பாலத்துக்குப் பக்கத்திலதான் நிக்குது. அதில நடந்துகூடப் பாக்கல்ல அவர்.

அவர விடுங்க, வெளியூர்ப் பொடியன். அதுக்குக் கீழ சிரிச்சு ஹார்ட் போட்ட நம்மட ஆக்களப் பாத்துத்தான் வயிறெரியுது. புளியந்தீவிலயே பிறந்து வளந்த ஒரு தம்பி "உண்மதானே அண்ணே" எண்டு எழுதியிருக்கார். தம்பி, ஸ்கூல் விட்டுப் போகக்குள்ள கோட்ட மதில்ல குந்தியிருந்தது ஆரு? 56 கிலோமீட்டர் நீள வாவிய வீட்டுக் கோடிக்குள்ள வச்சிக்கிட்டு ஒண்டுமில்லையாம்! இந்தச் சனிக்கிழமை வெள்ளாப்பில எழும்பி ஒருக்காச் சந்தைக்குப் போங்க. மோட்டச்சைக்கிள வீட்ட விட்டுட்டு.