ரோடு உயர உயர வீடு பள்ளமாகுது

சொத்து வரி கட்டுவதில் எனக்கு மனக்குறை இல்லை. 2022-இல் மதுரை மாநகராட்சியிலும் வரியை ஏற்றினார்கள்; 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம். முணுமுணுத்தாலும் கட்டிவிட்டோம். ஏப்ரலுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதால் எங்கள் தெருவில் பலர் அந்த மாதமே முடித்துவிடுவார்கள்.

ஆனால் அந்தப் பணத்தில் போடும் ரோட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி உருட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருகாலத்தில் படியேறிப் போன வீடுகளுக்குள் இப்போது இறங்கிப் போகிறோம். மழை என்றால் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் மணல் மூட்டை அடுக்குவார். எதிர்வீட்டு அண்ணன் நகையை அடகு வைத்துத் தரையை உயர்த்தினார். வாசல் நிலைச்சட்டம் அப்படியே இருக்க, இன்று தலையைக் குனிந்துதான் உள்ளே நுழைய முடிகிறது. அவர் வாங்கிய சிமென்ட்டுக்கு அப்போது ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பரில்தான் 18 ஆனது. ரோட்டுக்கும் வரி கொடுத்தார், அந்த ரோட்டால் வந்த செலவுக்கும் வரி கொடுத்தார்.

சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்தில் உத்தரவிட்டார். கேட்க ஆளில்லை.

முல்லைப் பெரியாறு தண்ணீருக்குக் குழாய் பதிக்கிறார்கள், பாதாளச் சாக்கடை போடுகிறார்கள். நல்லது, ஊருக்குத் தேவை. தோண்டாமல் முடியாது. தோண்டும் வேலை முடிந்தபின் தார் ஊற்றினால் என்ன?

இதற்கு நடுவில், வணிகக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்டதாக எழுந்த புகாரில் 2025-இல் கைது வரை போனது நம் மாநகராட்சி. சின்ன வீட்டுக்காரன் தவணை தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. பெரிய கட்டடத்துக்குச் சலுகையா? இதை என்னால் ஏற்கவே முடியாது.

வேலை தொடங்கும்முன் ஒவ்வொரு தெருமுனையிலும் பலகை வையுங்கள்: எவ்வளவு மதிப்பீடு, எந்த ஒப்பந்ததாரர், எத்தனை அங்குலம் சுரண்ட வேண்டும், எத்தனை வருஷம் பராமரிப்பு அவர் பொறுப்பு. 2022 நவம்பர் முதல் கிராம சபை போல நகரத்திலும் மக்கள் கூடிக் கேள்வி கேட்கும் பகுதி சபை நடக்கிறது. நம் வார்டில் அடுத்து எப்போது கூடினாலும் பத்துப் பேராவது வாருங்கள். முதல் கேள்வியாக இந்தப் பலகையைக் கேட்போம், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைப்போம்.