டைசன் சிறை சென்றது காதைக் கடித்ததற்காக அல்ல

"குத்துச்சண்டை வீரர் மைக் டைசன், போட்டியில் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்ததால்தான் சிறை சென்றார், பாலியல் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது" என்று ஒரு தகவல் பரவுகிறது. இரண்டுமே பொய்.

1991 ஜூலையில் இண்டியானாபொலிஸ் ஹோட்டல் அறையில் 18 வயதுப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில், 1992 பிப்ரவரியில் ஜூரி அவரைக் குற்றவாளி என்று அறிவித்தது. பத்தாண்டுத் தண்டனையில் நான்காண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டன. டைசன் குற்றத்தை மறுத்தே வந்திருக்கிறார். ஆனால் 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் சிறையில் இருந்துவிட்டு 1995 மார்ச்சில் விடுதலையானார். நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்ன அந்தப் பெண்ணை ஒரு வேடிக்கைக் கதைக்காக மறைப்பது பெரும் அநியாயம்.

காதைக் கடித்தது 1997 ஜூனில், லாஸ் வேகாஸில். அதற்குக் கிடைத்தது சிறை அல்ல, 30 லட்சம் டாலர் அபராதமும் குத்துச்சண்டை உரிம ரத்தும். அந்த உரிமமும் 1998 அக்டோபரில் திரும்பக் கிடைத்துவிட்டது.