கொல்வினின் பாதி வாக்கியத்தைப் பகிர்கிறவர்களுக்கு

ஜூன் மாதம் பிறந்தால் முகநூலில் அந்தப் படம் திரும்பவும் சுற்றத் தொடங்கிவிடும். கறுப்பு வெள்ளையில் இலங்கை இடதுசாரித் தலைவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா, கீழே "ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு" என்று பெரிய எழுத்தில். 1956 ஜூனில், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்குகிற தனிச் சிங்களச் சட்டமூலம் விவாதத்துக்கு வந்தபோது நாடாளுமன்றத்தில் நின்று அவர் சொன்னது. பகிர்கிற நம்மாட்கள் மேலே "தீர்க்கதரிசி" என்று ஒரு சொல்லைப் போட்டு, கும்பிடுகிற கை ஒன்றையும் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. சொன்ன மனிதர் பதினாறு வருடம் கழித்து என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பகிர்ந்தால் என்ன?

அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வெள்ளவத்தையில் இருக்கிற தமிழர்களுக்கு அவர் ஒரு காலத்தில் சொந்தத் தொகுதிக்காரர், 1947 இல் வெள்ளவத்தை - கல்கிசை தொகுதியில் வென்றவர். அதற்கும் முன்னால் 1933 இல், இன்றைக்கு ஹவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கிற காணியில் இருந்த வெள்ளவத்தை நெசவு ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, அங்கே தொழிற்சங்கத் தலைவராக நின்றவர் இந்த இளம் சட்டத்தரணிதான். ஆலையில் மலையாளத் தொழிலாளர்கள் நிறையப் பேர். மலையாளிகளை விரட்டினால் சிங்களத் தொழிலாளிக்கு வேலை கிடைக்கும் என்கிற பேச்சு கொழும்பில் சூடேறத் தொடங்கிய காலம், அந்தப் பேச்சுக்குக் கொல்வினும் தோழர்களும் போகவில்லை. 1935 இல் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது, முதல் தலைவர் கொல்வின். யுத்தத்தை எதிர்த்ததற்காக 1940 இல் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தனவோடு சேர்த்து உள்ளே போட்டார்கள். 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அதே கிழமை, கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து காவலாளி ஒருவரையும் கூட்டிக்கொண்டு தப்பி, அப்புறம் இந்தியாவுக்குப் போய்த் தலைமறைவு அரசியல் செய்தார்கள். சினிமாக்காரன் எழுதினால் நம்பமாட்டோம்.

நீதிமன்றத்திலும் அப்படித்தான். மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கிரிக்கெட் வீரர் மகாதேவா சதாசிவத்துக்காக வாதாடினார், எடின்பரோவிலிருந்து பேராசிரியர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சி சொன்ன வழக்கு அது. 1953 இல் விடுதலை. என் பெரியப்பா அந்த நாளில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர், லீவு போட்டுவிட்டுப் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய் கொல்வின் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்த்ததாகச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே பெரியப்பா சிங்களப் பரீட்சைக்கு இருக்கமாட்டேன் என்று பதவி உயர்வு இல்லாமலே பென்ஷன் வாங்கியவர்.

அந்த வாக்கியத்தைச் சொல்ல 1956 இல் துணிச்சல் தேவைப்பட்டது, அதை மறுக்கமாட்டேன். அதற்கு முந்தின வருடம் ஒக்டோபரில் இரு மொழிக்கும் சம அந்தஸ்து கேட்டு நகர மண்டபத்தில் சமசமாஜிகள் வைத்த கூட்டத்தைக் காடையர்கள் குழப்பினார்கள். அப்படியிருந்தும் நிலைப்பாட்டை விடாமல் தேர்தலுக்குப் போய் 14 ஆசனம் எடுத்தார்கள், என். எம். எதிர்க்கட்சித் தலைவரானார். 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தையும் எதிர்த்தவர்கள்தான்.

பிறகு என்ன நடந்தது? என்னைக் கேட்டால் கணக்கு நடந்தது. 1960 மார்ச் தேர்தலில் ஆட்சியைப் பிடித்துவிடலாம் என்று நம்பித் தனித்து இறங்கியவர்களுக்குப் பத்து ஆசனம். சிங்களக் கிராமம் தங்களிடம் வராது என்று அந்த இரவே தெரிந்திருக்கும். 1964 இல் பிரதமர் சிறிமா பண்டாரநாயக்கவோடு கூட்டணி. அந்த ஒக்டோபரிலேயே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தம், அமைச்சரவையில் நிதி அமைச்சர் என். எம். அதை விட மோசம் 1966 ஜனவரி 8. டட்லி சேனநாயக்க அரசாங்கம் தமிழுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிற ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்த நாளில், அதை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் போனவர்களோடு சமசமாஜிகளும் போனார்கள். "டட்லியின் வயிற்றில் மசாலா வடை" என்று, தமிழருக்கு விட்டுக்கொடுத்ததாக டட்லியைக் கேலி செய்த கோஷம் அந்தக் காலத்துச் சரக்கு. சம அந்தஸ்து கேட்ட கட்சி பத்தே வருடத்தில் வடைக்கு வந்து நின்றது.

சரி, 1972 க்கு வருவோம். 1970 இல் வென்ற கூட்டணி அரசாங்கத்தில் கொல்வின் பெருந்தோட்டத்துக்கும் அரசியலமைப்பு விவகாரத்துக்கும் அமைச்சர். புதிய யாப்பின் சிற்பி அவர்தான். அதுவரை இருந்த சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு என்று இருந்த 29 ஆம் பிரிவு போனது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1956 இல் சாதாரணச் சட்டமாக இருந்த தனிச் சிங்களம் யாப்புக்குள் ஏறி உட்கார்ந்தது. தமிழ் ஒழுங்குவிதிகளோ யாப்பின் ஒரு பகுதியாகக் கருதப்படக்கூடாது என்று தனியாக ஒரு வரி எழுதிவைத்தார்கள். அந்த வரியை நான் வாசித்தபோது, இது பாராமுகமாக நடந்தது இல்லை, யோசித்துச் செய்தது என்றுதான் பட்டது. சமஷ்டி கேட்ட தமிழரசுக் கட்சியின் திருத்தம் தோற்றது, 1971 ஜூனில் அவர்கள் யாப்பை ஆக்கிய அரசியல் நிர்ணய சபையை விட்டே வெளியேறினார்கள்.

29 ஆம் பிரிவு ஒன்றுக்கும் உதவாதது, 1948 குடியுரிமைச் சட்டத்தை அதனால் தடுக்க முடியவில்லையே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் கோடீஸ்வரன் வழக்கை மறந்துவிடுகிறார்கள். கேகாலைக் கச்சேரியில் வேலை செய்த தமிழ் எழுதுவினைஞர், சிங்களப் பரீட்சைக்கு இருக்காததால் சம்பள உயர்வு நின்றது. 1964 இல் மாவட்ட நீதிபதி, தனிச் சிங்களச் சட்டமே 29 ஆம் பிரிவுக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் வேறு காரணத்தில் அதைத் தள்ளியது, லண்டனில் இருந்த கடைசி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1969 இல் அந்தக் காரணம் பிழை என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. பிரதான கேள்விக்குப் பதில் வருவதற்குள் பிரிவி கவுன்சில் மேன்முறையீடும் ஒழிந்தது, 29 ஆம் பிரிவும் ஒழிந்தது. நாட்டின் மிகக் கெட்டிக்கார வழக்கறிஞர்களில் ஒருவருக்கு இந்த வழக்கின் கனம் தெரியாதா?

தான் மதச்சார்பற்ற அரசையே நம்புகிறவர், ஆனால் நிர்ணய சபை ஆக்குகிற யாப்பை அமைச்சர் ஒருவர் ஆக்குவதில்லை என்ற மாதிரி பின்னாளில் விளக்கம் சொன்னார். பதவி விலகலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. விலகவில்லை, 1975 இல் சிறிமா அம்மையார்தான் விலக்கினார். அதற்குள் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்துவிட்டது, தோட்டங்களில் 73, 74 இல் பட்டினிச் சாவு நடந்துவிட்டது, அடுத்த வருடம் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய் விவசாயி நாலு காசு பார்த்ததும் அதே ஆட்சியில்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1977 இல் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கொல்வினுக்கு ஒரு வீதம்கூடக் கிடைக்கவில்லை, குமார் பொன்னம்பலத்துக்குக் கீழே வந்தார். பேரினவாதத்தோடு போனால் வாக்கு வரும் என்று போட்ட கணக்காவது சரியாக வந்ததா என்றால், அதுவும் இல்லை. கடைசிக் காலத்தில் அதிகாரப் பகிர்வுக்கும் மாகாண சபைக்கும் ஆதரவாகத் திரும்பினார், அப்போது கையில் அதிகாரம் இல்லை. 1989 பெப்ரவரியில் இறந்தார்.

இப்போது ஏன் இந்தப் பழங்கதை என்று கேட்பீர்கள். 2024 இல் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனத்தோடு வந்தது, யாழ்ப்பாணத்திலேயே மூன்று. தோழர் அநுர எங்களை மாதிரியே பேசுகிறார் என்று நம்மாட்களே கொண்டாடுகிறார்கள். நல்லது, இனவாதம் பேசாத மேடை எனக்கும் பிடிக்கும். ஆனால் இணைந்திருந்த வடக்குக் கிழக்கைப் பிரிக்க 2006 இல் வழக்குப் போட்டு வென்றது அந்தச் சக்தியின் முதுகெலும்பான ஜே.வி.பி. மேடைப் பேச்சைக் கேட்டு யாருக்கும் தீர்க்கதரிசிப் பட்டம் கொடுக்க நான் தயாரில்லை. புதிய யாப்பு வரைவு என்று ஒன்று வெளியே வந்தால் முன்னுரையை விட்டுவிட்டு நேரே பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிற 9 ஆம் உறுப்புரைக்கும், பிறகு மொழி அத்தியாயத்துக்கும் போங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சண்டை பிடிப்போம்.