டொக்டர் எண்டு சொல்லு

எனக்கு ஏழெட்டு வயதில் சைக்கிள் கடைக்காரனாக வரவேண்டும் என்று ஆசை. சிரிக்காதீர்கள். போர் நடந்த 1990களின் யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் இல்லை, கரண்டும் இல்லை. மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெய் ஊற்றி இருமவைத்து ஓட்டிய காலம். பாட்டுக் கேட்பதென்றாலும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றினால்தான் டைனமோவில் றேடியோ பாடும். 1995 இடப்பெயர்வில் எங்கள் வீடே ஒரு சைக்கிளில் ஏறித்தான் சாவகச்சேரிக்குப் போனது. அப்படியிருக்க, ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமத்தி, குமிழி வரும் இடம் பார்த்து ஒட்டுப் போடுகிறவரைவிடப் பெரிய மனிதர் வேறு யார்? டொக்டரே அவர் கடை வாசலில் காத்துநின்றதைக் கண்ணால் கண்டவன் நான்.

பிறகு கொஞ்சக்காலம் கோச்சி, அதுதான் ரயில், ஓட்டும் ஆசை. கோச்சியைக் கண்டதேயில்லை. 1990இல் கொழும்புக் கோச்சியான யாழ்தேவி நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குப் போய்விட்டன. மாமாவின் கதைகளில் ஏறி நான் ஓட்டிய கோச்சி அது.

வீட்டுக்கு வருகிறவர்கள் "பெரியாளாகி என்னவா வரப்போறாய்?" என்று கேட்டால், நான் வாய் திறக்க முதல் அம்மா கிள்ளுவா. "டொக்டர் எண்டு சொல்லடா."

வயது ஏற ஏற ஆசைகள் தானாக மாறும் என்பார்கள். சரி, சிலது மாறும். கிரிக்கெட் பைத்தியம் பிடித்ததும் கோச்சி தானாகவே போய்விட்டது. சைக்கிள் கடையை மட்டும் கிள்ளிக் கிள்ளித்தான் எடுத்தார்கள். பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை றிசல்ட் வந்த அன்றே எனக்கு பயோ, அதாவது டொக்டராகப் படிக்கிற பிரிவு, என்று ஒழுங்கை முழுக்க முடிவாகிவிட்டது. நல்ல றிசல்ட் என்றால் பயோ அல்லது மற்ஸ், சுமார் என்றால் கொமர்ஸ், அதற்கும் கீழே என்றால் ஆர்ட்ஸ். பிடிக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. கதை எழுதித் திரிந்த என் கூட்டாளியும் பிசிக்ஸ் ரியூசனில்தான் என் பக்கத்தில் இருந்தான். நான் மூன்று தரம் ஏ.எல். சோதனை எழுதியும், பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி மெடிசினுக்கு எட்டவில்லை. இப்போது அரசாங்க உத்தியோகம். சம்பளம் வருகிறது, பென்சன் இருக்கிறது, அதைக் காட்டித்தான் கலியாணமும் பொருந்தியது. குறை சொல்ல முடியாது.

அம்மாவிலும் கோபமில்லை. வீடு, காணி, நகை எல்லாம் ஒரே இரவில் கைவிட்டுப் போனதைக் கண்டவ. படிப்பை மட்டும் யாரும் பறிக்கமாட்டார்கள் என்று நம்பினா. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதே பயத்தை இன்றைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் புலமைப்பரிசில் சோதனைப் புத்தகப்பைக்குள் திணித்து அனுப்புகிறோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மகளுக்கு எட்டு வயது. 2014இல் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி திரும்பி வந்த பிறகு பிறந்தவள். போன மாதம் கோச்சி ஓட்டப்போகிறாளாம். இந்த மாதம் யூரியூப் சனல். அப்பம்மாவின் கை இப்போதே அவள் பக்கம் நீளுகிறது.

போன ஞாயிறு அவளுடைய சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. கடைக்குக் கொண்டுபோகாமல் முற்றத்திலேயே ரயரைக் கழற்றி, ரியூப்பைச் சட்டிக்குள் அமத்தினேன். குமிழியை முதலில் கண்டது அவள்தான்.

"அப்பா, இதை எங்கை படிச்சனீங்கள்?"