ஆஸ்தியா, அஸ்தியா?

(பெங்களூரு காந்தி பஜார், வித்யார்த்தி பவன். ஞாயிறு காலை. முக்கால் மணி நேரம் வெளியே நின்று இடம் பிடித்திருக்கிறார்கள். மாமனார் தஞ்சாவூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர். அவர் ஆபீஸை விட்டு எட்டு வருடம் ஆகிறது, ஆபீஸ் இன்னும் அவரை விடவில்லை.)

மாமனார்: சுவரில் வரிசையாகப் படம் மாட்டியிருக்கிறார்களே, எல்லாரும் இந்த ஓட்டலின் பழைய முதலாளிகளா மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: இல்லை மாமா, கன்னட எழுத்தாளர்கள், அறிஞர்கள்.

மாமனார்: ஓட்டலில் எழுத்தாளர் படமா? எனக்குத் தெரிந்த ஓட்டலில் பாக்கி வைத்தவன் பெயரைத்தான் எழுதி மாட்டுவார்கள்.

மாப்பிள்ளை: இந்தப் பேட்டை அப்படி. பக்கத்தில் கவிபுரத்தில்தான் மாஸ்தி குடியிருந்தார். 'மாஸ்தி, கன்னடத ஆஸ்தி' என்றே சொல்வார்கள்.

மாமனார்: அடப் பாவமே. அஸ்தியை எங்கே கரைத்தார்களாம்?

மாப்பிள்ளை: அஸ்தி இல்லை மாமா, ஆஸ்தி. சொத்து.

மாமனார்: ஓகோ. எவ்வளவு தேறும்?

மாப்பிள்ளை: கன்னடத்துக்கு அவரே சொத்து என்று அர்த்தம். கன்னடச் சிறுகதைக்கு அப்பா மாதிரி. முழுப்பெயர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். மாஸ்தி என்பது கோலார் பக்கத்து ஊர். வீட்டில் பேசியது தமிழ்.

மாமனார்: தமிழா! அப்புறம் ஏன் கன்னடத்தில் எழுதினார்? வீட்டில் யாரும் படித்துவிடக் கூடாது என்றா?

மாப்பிள்ளை: கவிஞர் பேந்த்ரே வீட்டில் மராத்தி, நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட் வீட்டில் கொங்கணி. கன்னடத்துக்கு வந்த 8 ஞானபீட விருதில் 3 இப்படி வந்ததுதான். மாஸ்திக்கு 1983-இல், 'சிக்கவீர ராஜேந்திர' நாவலுக்காக. குடகின் கடைசி ராஜா கதை. குடி, கொடுமை, நல்லது சொன்னால் காதில் ஏறாது. 1834-இல் வெள்ளைக்காரன் நாட்டையே எடுத்துக்கொண்டான்.

மாமனார்: எங்கள் மேனேஜரை இவருக்கு எப்படித் தெரியும்?

(சர்வர் ஒரே கையில் தோசைத் தட்டுகளைத் தோள்வரை அடுக்கிக்கொண்டு வருகிறார். மாமனார் ஒன்பது வரை எண்ணுகிறார், அதற்குள் இரண்டு தட்டு இவர்கள் மேஜைக்கு இறங்கிவிடுகிறது.)

மாமனார்: சாம்பார்?

மாப்பிள்ளை: இங்கே சட்னிதான் மாமா. சத்தமாகக் கேட்காதீர்கள், எல்லாரும் பார்க்கிறார்கள்.

மாமனார்: சரி. மனுஷனுக்கு எழுத்துதான் பிழைப்பா?

மாப்பிள்ளை: மைசூர் சமஸ்தானத்தில் பெரிய அதிகாரி. உத்தியோகத்தில் இருந்துகொண்டே கதை எழுதினார், 'ஸ்ரீநிவாச' என்ற பெயரில்.

மாமனார்: ஆபீஸில் கதை எழுதாதவன் யார்? என் லீவு லெட்டர்களைத் தொகுத்தால் மூன்று பாகம் வரும்.

மாப்பிள்ளை: 1943-இல் அவருக்கு வர வேண்டிய, மந்திரிக்குச் சமமான பதவியை ஜூனியர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இந்த ஓட்டல் திறந்ததும் அதே வருடம்தான்.

மாமனார்: (தோசையைக் கீழே வைத்து) ஜூனியருக்கா!

மாப்பிள்ளை: ஆமாம்.

மாமனார்: எனக்கும் அதேதான் மாப்பிள்ளை! நான் ஃபைல் கட்டச் சொல்லிக் கொடுத்த பையன் எனக்கு மேலே போய் உட்கார்ந்தான். நானும் ராஜினாமா எழுதினேன்.

மாப்பிள்ளை: நிஜமாகவா? அத்தை சொல்லவே இல்லையே.

மாமனார்: உங்கள் அத்தைதான் படித்துப் பார்த்து மூன்று எழுத்துப் பிழை என்றாள். திருத்தி எழுத உட்கார்ந்தேன், அதற்குள் போனஸ் வந்துவிட்டது. இவர் அப்புறம் என்ன செய்தார்?

மாப்பிள்ளை: எழுதினார். 'ஜீவன' என்று பத்திரிகை நடத்தினார். 'பாவ' என்ற தலைப்பில் சுயசரிதை. 1891 ஜூன் 6-இல் பிறந்தவர், 1986 ஜூன் 6-இல் போனார். 95 வயது, நாள்கூடப் பிசகவில்லை.

மாமனார்: பார்த்தீர்களா! கணக்கை இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும். வெளியே போனதும் ஒரு குயர் நோட்டு வாங்கித் தாருங்கள்.

மாப்பிள்ளை: எதற்கு மாமா?

மாமனார்: அந்த ராஜினாமா இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. முதல் அத்தியாயம் தயார்.

மாப்பிள்ளை: எழுத்துப் பிழை?

மாமனார்: கன்னடத்தில் எழுதிவிட்டால் உங்கள் அத்தை எப்படிக் கண்டுபிடிப்பாள்?